நேரம் கிடைக்கும்போது

உனைசி எழுதிய முதல் மெயிலைப் படித்துவிட்டு பிரிஸ்பேன் தலைமை அலுவலகத்தில் ஒரு மேஜையே சிரித்ததாம். அதை அவளிடம் சொன்னவள் அங்கிருந்து வந்திருந்த ட்ரூடி. சொல்லும்போது ட்ரூடியும் சிரித்தாள், உனைசியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவள் கம்பெனியின் பெரிய அதிகாரி. சிரிக்காமல் வேறென்ன செய்வது?

மீன் பெட்டிகளில் ஒட்டும் லேபிள் தீர்ந்துபோனது, அனுப்பி வையுங்கள் என்பதுதான் விஷயம். அதை உனைசி, 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்று தொடங்கி, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தாள். அவள் படித்தது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில். பிறகு ஃபிஜியின் தலைநகரான சுவாவிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தாள். அங்கே கடிதம் என்றால் அதற்குத் தலைப்பாகை இருக்கும், கால் வரை தொங்கும் அங்கி இருக்கும். அந்த உடுப்போடுதான் அவள் 'வாலு பே' துறைமுகப் பகுதியில் இருந்த மீன் கம்பெனிக்கு வந்தாள்.

"நீ எழுதறதுல தப்பே இல்ல உனைசி," என்றாள் ட்ரூடி, மேஜை ஓரத்தில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தபடி. "இலக்கணம் என்னைவிட உனக்குத்தான் நல்லா வருது. ஆனா படிச்சா, செத்துப்போன எங்க தாத்தா எந்திரிச்சு வந்து கோர்ட்டுல பேசற மாதிரி இருக்கு."

"அப்ப எப்படி எழுதணும், மேடம்?"

"முதல்ல இந்த மேடத்த விடு. ட்ரூடின்னு கூப்பிடு. அப்புறம் அந்த 'கைண்ட்லி'ய விடு. எங்க ஊர்ல அத யார் போடுவா தெரியுமா? கடன் வசூல் பண்ண வர்றவன் போடுவான். படிச்சாலே வயித்தக் கலக்கும்."

உனைசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்பு என்று பொருள் வரும் சொல் அது. பதினோரு வருடமாக எத்தனை ஆயிரம் பேரை இப்படி மிரட்டியிருக்கிறோம் என்று யோசித்து அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குக் காது நல்ல காது. நபுவா தேவாலயத்துப் பாடகர் குழுவில் இருபது வருடமாக இரண்டாம் குரல் பாடுகிறவள். பக்கத்தில் நிற்பவள் இம்மி பிசகினாலும் கழுத்தைத் திருப்பாமலே கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் காதோடு ட்ரூடியின் மெயில்களைப் படிக்க ஆரம்பித்தாள். யாருக்கு எப்படித் தொடங்குகிறாள், எங்கே குழைகிறாள், எங்கே விட்டுவிடுகிறாள் என்று கவனித்தாள். ஆஸ்திரேலியாக்காரர்கள் எதையும் கேட்பதில்லை என்பதை முதலில் கண்டுகொண்டாள். 'எனக்கு இது வேண்டும்' என்று எழுதமாட்டார்கள். 'உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்' என்பார்கள். யோசிக்கிறேன் என்றுகூட இல்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசை நேற்று வந்தது, இன்று அதுவே செத்துப்போயிருக்கும், நீங்கள் மறுத்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. 'சும்மா ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கினால் பெரிய விஷயம் வரப்போகிறது என்று அர்த்தம். 'நேரம் கிடைக்கும்போது' என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று அர்த்தம். 'சும்மா ஒரு யோசனை' என்றால் உத்தரவு. இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தானே கேட்டுக் கேட்டுப் பிடித்தாள்.

இரண்டு வருடத்தில் ட்ரூடி ஒரு மெயிலில் எழுதினாள்: 'உன் எழுத்தைப் பார்த்தால் நீ எங்கள் தெருவில் பிறந்தவள் என்றே நினைப்பார்கள்.' உனைசி அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் தங்கையிடம் காட்டினாள். சம்பளம் கூடியது. 'தகவல் தொடர்பு அதிகாரி' என்று ஒரு பதவியும் வந்தது. சரக்கு அனுப்புகிறவர், கணக்கு பார்க்கிறவர், சுவா கிளையின் மேலாளர் என்று எல்லோரும் பிரிஸ்பேனுக்கு எதையும் அனுப்புமுன் அவள் மேஜைக்கு வந்து நின்றார்கள்.

இதில் மயங்காதவள் மெரெசெய்னி ஒருத்திதான். மெரெசெய்னி கீழே பேக்கிங் கூடத்தில் மீன் துண்டங்களைப் பையில் அடைக்கிறவள். அவளும் நபுவாதான், அதே தேவாலயம், அதே பாடகர் வரிசை, காலையில் அதே பஸ். இரண்டு பேருடைய பூர்வீகத் தீவுகளுக்கும் இடையே கேலி உறவு. ஒருத்தி என்ன சொன்னாலும் மற்றவள் கோபப்படக் கூடாது என்பது ஃபிஜியில் முறை. அந்த உரிமையை மெரெசெய்னி ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"வழி விடுங்க, வழி விடுங்க, வெள்ளைக்காரி வர்றா!" என்பாள் பஸ் நிறுத்தத்தில், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "அம்மணி, கொஞ்சம் நகர்ந்து உக்கார முடியுமான்னு நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப யோசிக்கல. நேத்து யோசிச்சேன்."

"உன் உடம்புக்கு நான் நகர்ந்தா பத்தாதுடி. பஸ்ஸையே நகர்த்தணும்," என்பாள் உனைசி.

"பாத்தீங்களா, எங்கிட்ட மட்டும் நேராப் பேசறா. பிரிஸ்பேன்ல இருக்கறவ புண்ணியம் பண்ணவ."

சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். ஒருத்தி மாடிக்குப் போவாள், ஒருத்தி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குளிருக்குள் போவாள்.

குளிர்ப்பதன எந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் பிசுன் தேவ். நௌசோரியிலிருந்து வரும் ஃபிஜி இந்தியர், கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், சான்றிதழ்கள் எல்லாம் உண்டு. குரல்தான் பெரிய பிரச்சினை. எந்திர அறையின் இரைச்சலுக்குப் பழகிய தொண்டை அது. டீ குடிக்கும்போதும் கப்பல் தளத்தில் நின்று கத்துகிற மாதிரிதான் பேசுவார். அவருடைய மெயிலும் அப்படியே, முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். டீ அறையின் மின்விசிறி ஓடவில்லை என்றாலும் 'அவசரம்', ஃபோர்க்லிஃப்ட்டின் டயர் தேய்ந்தாலும் 'உடனே செய்யாவிட்டால் வேலையை விடுகிறேன்'. வேலையை விடுவதாக அவர் எழுதிய மெயில்கள் பிரிஸ்பேனில் பிரசித்தம். யாரோ அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததாகக்கூடப் பேச்சு.

ஒருநாள் ட்ரூடியிடமிருந்து உனைசிக்கு வந்தது: 'சும்மா ஒரு யோசனை. பிசுனின் மெயில்கள் இங்கே சிலருக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகின்றன. அவருடைய விஷயங்கள் உன் வழியாக வந்தால் எல்லோருக்கும் இதமாக இருக்குமோ?'

சும்மா ஒரு யோசனை என்றால் என்னவென்று உனைசிக்குத் தெரியும். அன்றைக்கே எந்திர அறைக்கு இறங்கிப் போய்ச் சொன்னாள்.

"ஓஹோ! நான் கத்தறேன், நீ பாடப் போறியா?" என்றார் பிசுன்.

"நீங்க சொல்றத மாத்தமாட்டேன், அண்ணே. கேக்கறவங்களுக்குக் காது வலிக்காம சொல்லுவேன், அவ்வளவுதான்."

"காது வலிச்சாத்தான் அந்தக் கழுதைங்க எந்திரிக்கும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, எழுது தாயே. எனக்கும் டைப் அடிக்க விரல் வளையல," என்றார்.

அது நன்றாகத்தான் நடந்தது. அவர் கேட்ட டயர் வந்தது, மின்விசிறி வந்தது. ஐந்து வருடமாகக் கத்தியும் வராத பம்ப்பு உனைசியின் ஒரே மெயிலில் வந்தபோது, பிசுன் தன் வீட்டிலிருந்து ரொட்டியும் டின் மீன் கறியும் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "உன் நாக்குல என்னமோ இருக்கு," என்றார். உனைசிக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரே ஒரு விஷயத்தை அவள் கவனிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சுருதியில் கத்துகிறவரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர் எப்போது நிஜமாகக் கத்துகிறார் என்பது அவள் காதுக்கே தெரியாமல் போய்விட்டது.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. சுவாவில் மழைக்கு நடு ஏது, கடைசி ஏது, இருந்தாலும் அன்று வானம் இருட்டிக்கொண்டு ஊற்றியது. பிசுன் சொட்டச் சொட்ட நனைந்து மாடிக்கு வந்தார்.

"எழுது. பேக்கிங் கூடத்துப் பின்சுவரை ஒட்டி ஓடற அம்மோனியா குழாய். அதோட வளைவு. மேல சுத்தியிருக்கற உறைய உரிச்சுப் பாத்தேன். இரும்பு அப்பளம் மாதிரி இருக்கு. விரல் வச்சா உதிருது. அது வெடிச்சா அந்தச் சுவர் ஓரம் நிக்கற பொம்பளைங்க சாவாளுங்க. அப்படியே எழுது. சாவாளுங்கன்னு எழுது."

"எப்ப மாத்தணும், அண்ணே?"

"நேத்து! எந்திரத்த நிறுத்திட்டு மாத்தணும். ரெண்டு நாள் வேலை நிக்கும். நின்னாத்தான் என்ன?"

"நிறுத்தறது உங்க கையில இல்லையா?"

"என் கையில இருந்தா உங்கிட்ட வந்து நிப்பேனா? நான் நிறுத்தினா அடுத்த நிமிஷம் மேனேஜர் என்னைத் தூக்கிருவான். பிரிஸ்பேன் சொல்லணும்." படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "சாவாளுங்கன்னு எழுது," என்று மறுபடி கத்தினார்.

உனைசி எழுத உட்கார்ந்தாள். முதலில் அவர் சொன்னபடியே தட்டினாள். திரையில் பார்த்தபோது அந்த வரி அசிங்கமாக இருந்தது. ஆட்கள் சாவார்கள் என்று ஒரு மெயிலில் எழுதினால் எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை மதியம், ட்ரூடி வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். போன வாரம்தான் ட்ரூடி இன்னொன்று எழுதியிருந்தாள், பிசுனின் விஷயங்களில் 'நாடகம்' கொஞ்சம் குறைந்தால் நன்றாக இருக்கும் என்று. உனைசி அந்த வரியை அழித்தாள். வேறொன்று எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில் போனது இது:

'ஹாய் ட்ரூடி, வாரம் நன்றாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். சும்மா ஒரு சின்ன விஷயம். பேக்கிங் கூடத்தின் பின்சுவரை ஒட்டிய குழாயில் ஒரு வளைவு கொஞ்சம் தேய்ந்திருப்பதாக பிசுன் நினைக்கிறார். நேரம் கிடைக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் நல்லது, மாற்ற வேண்டியும் வரலாம். அவசரமில்லை. இது பற்றிப் பேச வேண்டுமென்றால் அவர் மகிழ்ச்சியோடு பேசுவார். வார இறுதி இனிதாக அமையட்டும்!'

அவசரமில்லை என்பது விரலிலிருந்து தானாக வழிந்தது. எல்லா மெயிலிலும் அது வரும். கையெழுத்துக்கு மேலே வணக்கம் வருகிற மாதிரி. அவள் அதைப் படித்துப் பார்த்தாள், காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். ஓரிடத்திலும் பிசிறு இல்லை. அனுப்பினாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. 'நன்றி உனைசி! சொன்னதற்கு மகிழ்ச்சி. அடுத்த பட்ஜெட்டில் சேர்க்க முடிகிறதா பார்ப்போம்.' கூடவே ஒரு சிரித்த முகம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் பிசுன்.

"பட்ஜெட்ல சேக்கறேன்னு சொல்லியிருக்காங்க, அண்ணே."

அவர் அவளையே பார்த்தார். "சாவாளுங்கன்னு எழுதினியா?"

"எல்லாம் சொல்லியிருக்கேன்," என்றாள் உனைசி.

குழாய் ஏப்ரலில் வெடித்தது, காலை டீ இடைவேளைக்குச் சற்று முன்னால். மாடியில் இருந்த உனைசிக்கு முதலில் சத்தம் கேட்கவில்லை. மூக்கில் ஊசி குத்திய மாதிரி இருந்தது, கண்ணில் நீர் கொட்டியது, அப்புறம்தான் கீழே பெண்களின் அலறல். எல்லோரும் வாசல் பக்கம் ஓடினார்கள். பின்சுவர் ஓரம் நின்ற மெரெசெய்னி ஓடவில்லை. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள் என்று பிறகு சொன்னார்கள். விஷவாயுவுக்கான முகமூடிகள் இருந்த அலமாரி அந்தச் சுவரிலேயே இருந்தது. பிசுன் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். மூடிவிட்டு, மெரெசெய்னியின் பூட்ஸைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்து வந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் போய்விட்டாள். பிசுனுக்கு உயிர் இருந்தது, கண்கள் போயின, தொண்டை வெந்தது.

மறுநாள் காலை ட்ரூடி போனில் அழுதாள். அது நிஜமான அழுகை, உனைசியின் காதுக்கு அது தெரியும். அழுகைக்குப் பிறகு ட்ரூடி சொன்னாள்: "உனைசி, இத உங்கிட்டக் கேக்கறதே கொடுமதான். ஆனா அந்தக் குடும்பத்துக்கு நாம ஒரு கடிதம் அனுப்பணும். உன்ன மாதிரி இங்க யாருக்கும் எழுத வராது. வக்கீல் ஒண்ணே ஒண்ணு சொல்றாரு, 'எங்கள் தவறு'ன்னு எங்கயும் வந்துடக் கூடாது. மத்தபடி மனசுலருந்து வரட்டும்."

உனைசி எழுதினாள். அவள் எழுதினாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மெரெசெய்னியோடு இருபது வருடம் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடியவள், இறந்தவளின் புருஷன் விலியாமேவுக்கு, 'உங்கள் இழப்பை எண்ணி மிகவும் வருந்துகிறோம், இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் நினைவுகள் உங்களோடு' என்று எழுதி அனுப்பினாள். கம்பெனி வண்டியில் கடிதத்தோடு உறைந்த மீன் பத்துப் பெட்டியும் போனது. சாவு வீட்டில் பாய் விரித்து, ஊரே வந்து உட்கார்ந்து, காவா என்னும் வேர்ப் பானம் கலக்கிக்கொண்டிருந்த இடத்தில் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். உனைசி பெண்கள் வரிசையில், கறுப்பு உடையில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "நல்லா எழுதியிருக்கான் வெள்ளைக்காரன்," என்றாள் பக்கத்திலிருந்த கிழவி.

விசாரணை ஆகஸ்டில் நடந்தது. பிரிஸ்பேனிலிருந்து ஒரு வக்கீல் வந்தார், இளைஞர், மிகவும் மரியாதையானவர். அவர் கையில் அந்த வெள்ளிக்கிழமை மெயில் இருந்தது. கம்பெனியைக் காப்பாற்றியதே அதுதான். எங்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை, நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று ஒரு யோசனைதான் வந்தது, 'அவசரமில்லை' என்று அதிலேயே இருக்கிறது, என்றார்.

உனைசியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்று பிசுன் சொன்னதை அப்படியே சொன்னாள். அப்பளம், விரல், நேற்றே மாற்றணும், சாவாளுங்க, எல்லாம்.

வக்கீல் தலையசைத்தார். "ரொம்ப நன்றி. அப்ப அவர் சொன்னத நீங்களா மாத்தி எழுதினீங்க, அப்படித்தானே?"

"மாத்தி எழுதச் சொன்னாங்க."

"யாரு?"

"ட்ரூடி. மெயில் இருக்கு." அவள் காட்டினாள். அவர் அதை அறைக்குப் படித்துக் காட்டினார்: சும்மா ஒரு யோசனை, எல்லோருக்கும் இதமாக இருக்குமோ.

"இதுல உத்தரவு எங்கம்மா இருக்கு? ஒரு யோசனை கேட்டிருக்காங்க. கேள்விக்குறி போட்டிருக்காங்க."

உனைசி சொன்னாள், தன் வாழ்நாளில் ஆங்கிலத்தில் அவ்வளவு நேராக அவள் பேசியதில்லை. "ஐயா, அவங்க 'சும்மா ஒரு யோசனை'ன்னு எழுதினா நான் அன்னிக்கே செஞ்சு முடிக்கணும். அஞ்சு வருஷம் அப்படித்தான் செஞ்சேன், ஒரு தடவைகூட அவங்க 'இல்ல உனைசி, அது வெறும் யோசனைதான்'னு சொன்னதில்ல. நான் அதே மாதிரி எழுதினா மட்டும் அது வெறும் யோசனையாப் போயிடுமா? மேலருந்து வந்தா உத்தரவு, கீழருந்து போனா ஒண்ணுமில்லையா? ஒரே வார்த்தைதானே?"

வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ட்ரூடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் மிக மென்மையாகச் சொன்னார், "உங்க வருத்தம் எனக்குப் புரியுது." பிறகு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்.

இரண்டு பக்கமும் தகவல் பரிமாற்றம் போதாமல் இருந்திருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. சிறிய அபராதம். மெரெசெய்னியின் குடும்பத்துக்கும் பிசுனுக்கும் நஷ்ட ஈடு. கம்பெனியில் யாருக்கும் வேலை போகவில்லை. உனைசிக்கும் போகவில்லை. அவளைப் போகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. பேக்கிங் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டார்கள். திட்டவும் இல்லை. காலை பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும், அவள் நௌசோரிக்கு பஸ் ஏறினாள். பிசுனின் மனைவி சந்திராவதி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, நகர்ந்து நின்றாள். பிசுன் கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"உனைசி, அண்ணே."

குரல் இல்லை அவருக்கு, காற்றுதான் வந்தது. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். அவள் குனிந்தாள்.

"அந்த மெயிலு. அத நான் பாக்கவே இல்ல. படி."

"எதுக்கு அண்ணே, இப்பப் போய்…"

"படி."

அது அவளுக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கையைத் தட்டி நிறுத்தினார். நம்ம பேச்சுல சொல்லு என்றார். நாற்பது வருடம் இந்தியர்கள் நடுவில் வாழ்ந்தவள், அவர்கள் ஹிந்தி அவளுக்கு நன்றாக வரும். ஆனால் அந்த மெயிலை அதில் சொல்ல வரவில்லை. வாரம் நன்றாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன் என்பதை எப்படிச் சொல்வது? மகிழ்ச்சியோடு பேசுவார் என்பதை? முக்கி முனகி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். 'அவசரமில்லை' மட்டும் சுலபமாக வந்துவிட்டது.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார் பிசுன்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். நான்…"

"நீ எனக்கு வாய்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினார். "பேர் மட்டும் என்னுது போட்டிருக்க. பிசுன் நினைக்கிறார். நான் எங்க நினைச்சேன்? நான் கத்தினேன்."

சந்திராவதி டீ கொண்டுவந்து வைத்தாள். உனைசிக்கும் ஒரு கோப்பை இருந்தது. அதைக் குடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கிளம்பும்போது, நஷ்ட ஈட்டுக்கு மேல்முறையீடு செய்ய ஏதாவது எழுத வேண்டுமென்றால் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். உள்ளே இருந்து பிசுனின் மகள்தான் பதில் சொன்னாள். "வேணாம் ஆன்ட்டி. நாங்களே பாத்துக்கறோம்."

அடுத்த வாரம் பிரிஸ்பேனிலிருந்து ஒரு திட்டம் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் 'தெளிவான தகவல் தொடர்பு' பற்றி ஒருநாள் வகுப்பு. அதை உனைசி நடத்தினால் அருமையாக இருக்கும் என்று ட்ரூடி யோசித்துக்கொண்டிருந்தாளாம். உனைசி அதைப் படித்து முடித்தாள். பிறகு பதில் எழுதினாள். 'மாட்டேன். இன்றோடு வேலையை விடுகிறேன். உனைசி.' முதலில் ஹாய் இல்லை, கடைசியில் நன்றி இல்லை. அதைப் படித்துப் பார்க்காமலே அனுப்பினாள். பத்து நிமிடத்தில் ட்ரூடியின் பதில் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், அவளுடைய முடிவை முழுதும் மதிப்பதாகவும், கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றும்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. ஃபிஜியில் ஒரு குடும்பத்துக்குத் தீங்கு செய்தவர் திமிங்கிலப் பல்லைக் கொண்டுபோய் வைத்து, தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு வார்த்தைகள் உண்டு. யாராலும் அவற்றை இதமாக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. பல் சுலபத்தில் கிடைக்கிற பொருள் இல்லை. உனைசியின் மாமா எங்கோ கேட்டு வாங்கி வந்தார். விலியாமேயின் வீட்டில் மாமா பேச, அவள் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்தாள்.

விலியாமே பல்லைத் தொடவில்லை. முறைப்படி அவர்கள் பக்கத்துப் பெரியவர்தான் பேச வேண்டும், ஆனால் விலியாமே குறுக்கே பேசினான்.

"நீ யாருக்காக வந்திருக்க?"

மாமா திரும்பிப் பார்த்தார். உனைசி நிமிர்ந்தாள். "எனக்காக."

"அவங்க?"

"அவங்க வரமாட்டாங்க."

"அன்னிக்குக் கடிதம் வந்துச்சே. எங்க ஆளுங்க அழுதுகிட்டே கேட்டாங்க. விசாரணையில சொன்னாங்க, எல்லா மெயிலும் நீதான் எழுதுவியாம். அதுவும் நீயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான்," என்றாள்.

விலியாமே எழுந்து வெளியே போய்விட்டான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல்லை எடுத்து, முறைப்படி ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வாங்கியாயிற்று, மன்னித்தாயிற்று, இனி இதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் கை தட்டினார்கள். காவா வந்தது. அவளும் குடித்தாள்.

இப்போது உனைசி லாமியில் ஒரு விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள், எழுதுகிற வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் நிற்கிறாள். அவளுக்கு இடது பக்கம் இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாள், சுருதி தப்புகிறாள். உனைசி திருத்துவதில்லை. ஆராதனை முடிந்ததும் விலியாமே பிள்ளைகளோடு அவளைக் கடந்து போவான். மன்னித்தாயிற்று என்பதால் கை குலுக்குவான். அவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.